காரம் என்று பெயர் இருந்தால் காரமாகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் அமிலம், காரம் பற்றி ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. சிவப்பில் தொடங்கி ஊதாவில் முடிகிற ஒரு வண்ணப் பட்டை, அதன் மேல் 0 முதல் 14 வரை எண்கள், கீழே எலுமிச்சை, பால், சோப்பு என்று வரிசையாகப் படங்கள். பிள்ளைகள் வெட்டி நோட்டில் ஒட்டி வைத்துக்கொள்வார்கள், அப்படி ஒரு பக்கம். அதனால்தான் இந்தக் கடிதம். இருபது வருடத்துக்கு மேல் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் தினமும் பிஎச், அதாவது ஒரு திரவம் எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்று சொல்லும் எண்ணைப் பார்த்து எழுதியவள் நான். அந்தப் பக்கத்தில் நாலைந்து இடத்தில் தவறு இருக்கிறது, அதில் ஒன்று ஆபத்தான தவறு. சின்ன விஷயம்தானே என்று விட்டுவிட மனம் வரவில்லை.

முதலில் அந்தக் "கொஞ்சம்" என்ற சொல். "பிஎச் 6 என்றால் கொஞ்சம் அமிலம், 5 என்றால் இன்னும் கொஞ்சம் அமிலம்" என்று எழுதியிருக்கிறீர்கள். 6-க்கும் 5-க்கும் நடுவே இருப்பது பத்து மடங்கு. 6-லிருந்து 4-க்குப் போனால் நூறு மடங்கு, 3-க்குப் போனால் ஆயிரம். இது அடிக்கோல் மாதிரி ஒரே அளவு இடைவெளியில் ஏறி இறங்குகிற எண் இல்லை, ஒவ்வொரு படியும் பத்தால் பெருக்குகிற படி. எலுமிச்சைச் சாறு ஏறக்குறைய 2.3, பால் 6.6. படத்தில் இரண்டுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளிதான் தெரிகிறது. உண்மையில் எலுமிச்சைச் சாற்றில், அமிலத்தன்மையைத் தருகிற ஹைட்ரஜன் அயனியின் செறிவு பாலில் இருப்பதைப் போல 20,000 மடங்கு. இதை ஒரு வரி சொல்லாமல் அந்தப் பட்டையைப் போட்டால், பார்க்கிறவர் மனதில் தவறான படம்தான் பதியும்.

ஏன் இப்படி ஒரு சுற்றி வளைத்த கணக்கு என்று கேட்பவர்களுக்கும் நியாயம் இருக்கிறது. அயனிகளின் செறிவை நேராக எழுதினால் சுத்தமான தண்ணீருக்கு ஒரு லிட்டரில் 0.0000001 மோல் என்று எழுத வேண்டும், வினிகருக்கு 0.004 என்று எழுத வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது மாதிரிகளை இப்படி எழுதிப் பாருங்கள், ஒரு பூஜ்யம் விட்டுப்போனால் எல்லாம் போச்சு. 1909-இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் மதுவாலை நடத்திய ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த சோரென்சென் என்ற டேனிஷ் வேதியியலாளர் நொதிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். நொதிகள் வேலை செய்வதும் செய்யாமல் கிடப்பதும் இந்த அயனிகளின் செறிவைப் பொறுத்தது. அவருக்கும் இந்தப் பூஜ்யங்கள் தொல்லைதான். பத்தின் அடுக்கில் இருக்கிற எண்ணை மட்டும் எடுத்து, அதன் குறைக் குறியை நீக்கிவிட்டு எழுதினார். பத்தின் மேல் கழித்தல் 7 என்றால் பிஎச் 7, அவ்வளவுதான். அதனால்தான் எண் குறையக் குறைய அமிலம் கூடுகிறது. பள்ளிக்கூடத்தில் இந்தத் தலைகீழ்க் கணக்கை யாரும் விளக்காமல் "7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்" என்று மனப்பாடம் செய்ய வைத்துவிடுகிறார்கள். மடக்கை என்ற, பத்தின் அடுக்கை எடுத்து எழுதும் கணக்குப் பாடத்தை ஒரு வகுப்பிலும் பிஎச்சை இன்னொரு வகுப்பிலும் நடத்தினால் பிள்ளை எப்படி இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்?

இதைப் புரிந்துகொண்டால் இன்னொரு தவறும் தானாக விலகிவிடும். பிஎச் 3 உள்ள நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு குவளை, பிஎச் 5 உள்ளது ஒரு குவளை, இரண்டையும் கலந்தால் எவ்வளவு? உங்கள் பக்கத்தில் "சராசரியாக 4" என்று ஓர் எடுத்துக்காட்டு போட்டிருக்கிறீர்கள். வராது. 3.3 வரும். 3-இல் இருக்கும் அயனிகளுக்கு முன்னால் 5-இல் இருப்பது நூற்றில் ஒரு பங்கு, அது வெறும் தண்ணீர் ஊற்றிய மாதிரிதான். பிஎச் எண்களைக் கூட்டி இரண்டால் வகுக்கக் கூடாது. எங்கள் கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் மாதத்து அளவீடுகளை எல்லாம் கூட்டிச் சராசரி போட்டுக்கொண்டு வருவார்கள், திருப்பி அனுப்புவேன்.

அடுத்தது "காய்ச்சி வடித்த நீர் 7, மழைநீர் 7". இது எவ்வளவு பேருக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் முதல் நாள் எனக்கும் அப்படித்தான் இருந்தது. காய்ச்சி வடித்த நீரை ஒரு பீக்கரில் பிடித்து, மீட்டரின் கண்ணாடி முனையை உள்ளே விட்டேன். 6.9 காட்டியது. சந்தோஷமாக எழுதப் போனேன், 6.7. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன், 6.4. கொஞ்ச நேரம் கழித்து 6.0. அப்புறம் 5.7 பக்கம் வந்து நின்றது. மீட்டர் கெட்டுவிட்டது என்று பயந்துபோய் மூத்தவர் ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் பீக்கரைக் காட்டி, "மூடி இல்லையே அம்மா, காற்று உள்ளே போகிறது" என்றார். காற்றில் இருக்கும் கரியமில வாயு தண்ணீரில் கரைந்து கார்பானிக் அமிலம் ஆகிறது. சுத்தமான தண்ணீரில் எதிர்த்து நிற்க ஒன்றுமே இல்லாததால் துளி அமிலம் சேர்ந்தாலும் எண் சரிந்துவிடும். மழைநீரும் அப்படித்தான், வானத்திலிருந்து விழும் வழியெல்லாம் காற்றோடு உரசிக்கொண்டு வருவதால், எந்த மாசும் இல்லாத மழைநீரே ஏறக்குறைய 5.6-தான் இருக்கும். அமில மழை என்று சொல்வது அதற்கும் கீழே போகும்போதுதான். மழைநீரைச் சோதித்துப் பார்த்து 5.6 வந்ததும் யாராவது பதறினால் அந்தப் பதற்றம் உங்கள் படத்தால் வந்தது.

7 என்ற எண்ணுக்கே ஒரு நிபந்தனை உண்டு, 25 டிகிரி செல்சியஸ். கொதிக்கிற தண்ணீரின் பிஎச் ஏறக்குறைய 6.1. அதற்காக அது அமிலம் ஆகிவிடவில்லை. சூட்டில் தண்ணீர் மூலக்கூறுகள் அதிகம் பிரிகின்றன, ஹைட்ரஜன் அயனி எவ்வளவு கூடுகிறதோ காரத்தன்மையைத் தருகிற ஹைட்ராக்சைடு அயனியும் அதே அளவு கூடுகிறது, இரண்டும் சமம், ஆக நடுநிலைதான். நடுநிலை என்பது இரண்டும் சமமாக இருப்பது, 7 என்பது அறை வெப்பத்தில் அதற்குக் கிடைக்கும் எண்.

"0-க்குக் கீழும் 14-க்கு மேலும் கிடையாது" என்ற வரியையும் எடுத்துவிடுங்கள். கடையில் விற்கும் செறிந்த ஹைட்ரோகுளோரிக் அமிலமே 0-க்குக் கீழ். கலிஃபோர்னியாவில் அயர்ன் மவுண்டன் என்ற பழைய சுரங்கத்தில் சொட்டுகிற நீரில் கழித்தல் 3.6 வரை அளந்திருக்கிறார்கள். அன்றாடம் நாம் தொடுகிற பொருள்கள் 0-க்கும் 14-க்கும் நடுவே அடங்கிவிடுவதால் அந்த அளவில் படம் போடுகிறோம், மற்றபடி எல்லை எதுவும் இல்லை.

இப்போது எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுவது. பிஎச் ஒரு கரைசல் இப்போது எவ்வளவு காட்டமாக இருக்கிறது என்று சொல்லும். அதனிடம் மொத்தம் எவ்வளவு அமிலம் கைவசம் இருக்கிறது என்று சொல்லாது. இந்த இரண்டையும் ஒன்று என்று நினைப்பதில்தான் பாதிக் குழப்பம். பிஎச் 2.4 உள்ள வினிகர் ஒரு குடுவையில், அதே 2.4 வருமாறு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இன்னொரு குடுவையில். மீட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டிலும், காரம் மிஞ்சியதும் இளஞ்சிவப்பாக மாறிக் காட்டும் ஃபீனால்ஃப்தலீன் ஒரு துளி விட்டு, பியூரெட் என்ற அளவுக் குழாயில் சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தை நிரப்பிச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலக் குடுவை குழாயைத் திறந்து மூடுவதற்குள் இளஞ்சிவப்பாகிவிடும். வினிகர் குடுவையில் துளி விழுந்த இடத்தில் ரோஜா நிறம் வரும், குலுக்கினால் மறையும், வரும், மறையும். விரல் வலிக்கும் வரை குலுக்க வேண்டும். 5 சதவீத வினிகரை முடித்துக் காட்ட, ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குச் செலவானதைப் போல ஏறக்குறைய 200 மடங்கு காரம் செலவாகும். காரணம், வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலம் தன்னிடம் இருக்கும் ஹைட்ரஜனில் மிகச் சிறிய பங்கை மட்டும் வெளியே விடுகிறது, மீதியைப் பிடித்து வைத்திருக்கிறது. வெளியே இருப்பதை நாம் காரம் ஊற்றித் தீர்க்கத் தீர்க்க, உள்ளே இருப்பதை எடுத்து விடுகிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் முதலிலேயே எல்லாவற்றையும் வெளியே விட்டுவிட்டது, அதனிடம் மிச்சம் இல்லை. நாக்குக்குத் தெரிகிற புளிப்பும் வெறும் பிஎச் மட்டும் இல்லை. கோலா பானம் 2.5 பக்கம் இருந்தும் எலுமிச்சைச் சாறு மாதிரி கண்ணைச் சுருக்க வைப்பதில்லை. அதில் அமிலத்தின் மொத்த அளவு மிகக் குறைவு, கொட்டியிருக்கும் சர்க்கரை வேறு புளிப்பை மறைத்துவிடுகிறது. ஆனால் பல்லின் எனாமலுக்குச் சர்க்கரை மறைத்தது தெரியாது. 5.5-க்குக் கீழே போனாலே அது கரையத் தொடங்கும்.

இதை வைத்துக்கொண்டு உங்கள் பக்கத்தின் கீழ்ப் பாதிக்கு வருகிறேன். "உடலைக் காரமாக வைத்திருங்கள், பிஎச் 9 உள்ள தண்ணீர் குடித்தால் இரத்தத்தின் அமிலம் குறையும்" என்று எழுதியிருப்பதைப் படித்ததும் நிஜமாகவே வருத்தமாக இருந்தது. ஒரு சிறு கணக்கு போடலாம். உப்புகளோ பைகார்பனேட்டோ பெரிதாக இல்லாத, பிஎச் 9 உள்ள ஒரு லிட்டர் தண்ணீரில் இருக்கும் காரம் முழுவதையும் பிஎச் 2 உள்ள இரைப்பை அமிலம் வெறும் ஒரு மில்லிலிட்டர் இருந்தாலே தீர்த்துவிடும். ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிலிட்டர். எண் 9 என்று பெரிதாகத் தெரிந்தாலும் உள்ளே கைவசம் ஒன்றுமில்லை. பைகார்பனேட் சேர்த்து விற்பதாக வைத்துக்கொண்டாலும் வயிறு கொஞ்சம் அதிகமாக அமிலம் சுரக்கும், அவ்வளவுதான்.

இரத்தம் 7.35-க்கும் 7.45-க்கும் நடுவே நிற்கிறது. அது தண்ணீர் பாட்டிலால் நிற்கவில்லை. இரத்தத்தில் கார்பானிக் அமிலமும் பைகார்பனேட்டும் சேர்ந்த தாங்கல் கரைசல், அதாவது அமிலமோ காரமோ கொஞ்சம் சேர்ந்தாலும் பிஎச்சை அதிகம் அசைய விடாத கரைசல் இருக்கிறது, அமிலம் கூடினால் நுரையீரல் மூச்சை வேகப்படுத்திக் கரியமில வாயுவை வெளியே தள்ளுகிறது, சிறுநீரகம் அதிகமானதைப் பிரித்து அனுப்புகிறது. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறதே, அதில் ஒரு பங்கு இந்த வேலைதான். 7.4-லிருந்து 7.1-க்கு இறங்கினால் கேட்க 0.3 என்று இருக்கும், ஹைட்ரஜன் அயனி இரண்டு மடங்கு ஆகிவிட்டது என்று அர்த்தம், அந்த நிலையில் உள்ளவர் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். இரத்தத்தின் பிஎச்சைச் சாப்பாட்டால் இப்படியும் அப்படியும் நகர்த்த முடிந்திருந்தால் நாம் யாரும் உயிரோடு இருக்க மாட்டோம். எலுமிச்சை "உடலில் போய்க் காரமாகிறது" என்று சொல்பவர்கள் பார்ப்பது சிறுநீரை. சிட்ரேட்டை உடல் எரிக்கும்போது பைகார்பனேட் மிஞ்சும், சிறுநீரகம் அதை வெளியேற்றும், சிறுநீரின் பிஎச் ஏறும். சிறுநீர் 4.5-லிருந்து 8 வரை ஏறி இறங்கலாம், அப்படி ஏறி இறங்குவதால்தான் இரத்தம் அசையாமல் நிற்கிறது. சிறுநீரில் தாளை நனைத்துப் பார்த்து உடல் முழுவதும் காரமாகிவிட்டது என்று முடிவு கட்டி, சர்க்கரை நோய்க்கும் சிறுநீரக நோய்க்கும் மருந்தை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அந்தப் பகுதியைத் திரும்பவும் எந்த வடிவத்திலும் போடாதீர்கள்.

ஆபத்தான தவறு என்று சொன்னேன் இல்லையா, அது வண்ணத்தில் இருக்கிறது. அமிலப் பக்கம் சிவப்பு, அதன் மேல் மண்டை ஓட்டுப் படம். காரப் பக்கம் நீலமும் ஊதாவும், பார்த்தால் குளிர்ச்சியாக. 13, 14-இல் இருக்கும் சாக்கடை அடைப்பு நீக்கும் பொடிக்கு எந்த எச்சரிக்கையும் இல்லை. வலுவான காரம் தோலில் பட்டால் அங்கே இருக்கும் கொழுப்பைச் சோப்பாக மாற்றிக்கொண்டே உள்ளே இறங்கும். அமிலம் பட்ட இடம் உடனே எரிந்து காட்டிக் கொடுத்துவிடும். காரம் வழவழவென்று இருக்கும், வலி பிறகுதான் தெரியும், அதற்குள் ஆழமாகப் போயிருக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். இரண்டில் எது பட்டாலும் உடனே ஓடுகிற தண்ணீரில் குறைந்தது 15, 20 நிமிடம் கழுவ வேண்டும். "அமிலம் பட்டால் காரம் தடவுங்கள்" என்று அந்தப் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தியில் இருப்பதை யாரும் செய்துவிடக் கூடாது, இரண்டும் சேரும்போது சூடு வரும், புண் பெரிதாகும்.

அதே பெட்டிச் செய்தியில் "அமிலமும் காரமும் ஒன்றையொன்று சமன் செய்யும்" என்று பொதுவாகச் சொல்லியிருக்கிறீர்கள். என் தங்கை ஒருமுறை கழிவறையில் அமிலக் கலவையை ஊற்றித் தேய்த்துவிட்டு, வாடை போகட்டும் என்று மேலே ப்ளீச்சை ஊற்றினாள். ஜன்னல் சாத்தியிருந்தது. இருமிக்கொண்டு கண்ணைத் திறக்க முடியாமல் வெளியே ஓடி வந்தவளுக்கு இரண்டு நாள் தொண்டை சரியாகவில்லை. ப்ளீச்சில் இருக்கும் ஹைப்போகுளோரைட் கெடாமல் இருக்கத்தான் அதை 12 பக்கம் காரமாக வைத்து விற்கிறார்கள். அமிலம் பட்டதும் அந்தக் காவல் போய்விடும், குளோரின் வாயு கிளம்பும். வினிகர் ஊற்றினாலும் இதே கதிதான், அம்மோனியாவோடு கலந்தால் வேறொரு நச்சு வாயு. பட்டையின் இரண்டு முனைகளையும் சேர்த்தால் நடுவே வந்து சாதுவாக நிற்கும் என்ற எண்ணம் ஒருவருக்கு வந்துவிடக் கூடாது.

வீட்டில் சோதித்துப் பார்க்கச் சொல்லியிருப்பது நல்ல யோசனை. சிவப்பு முட்டைக்கோஸை வேகவைத்த ஊதா நீரில் வினிகர் விட்டால் சிவக்கும், சமையல் சோடா போட்டால் நீலமாகும், இன்னும் காரம் கூடினால் பச்சைக்குப் போகும், குழந்தைகள் கண்ணை எடுக்க மாட்டார்கள். தாள் பட்டைகள் ஒரு எண் முன்னே பின்னே சொல்லும், அதற்குமேல் அவற்றிடம் எதிர்பார்க்கக் கூடாது, நிறமுள்ள திரவத்தில் நனைத்தால் தாளின் நிறம் எது, சாற்றின் நிறம் எது என்றே தெரியாது. மின்சார மீட்டர் பிறந்ததே இப்படி ஒரு தொல்லையில்தான். எலுமிச்சைச் சாற்றில் கெடாமல் இருக்கச் சேர்த்த கந்தக டை ஆக்சைடு லிட்மஸ் தாளின் நிறத்தையே வெளுத்துவிட, அந்தத் தொழிலில் இருந்த நண்பருக்காக 1934-இல் கலிஃபோர்னியாவில் ஆர்னல்ட் பெக்மேன் கண்ணாடி மின்முனையோடு மின்னணுப் பெருக்கியைச் சேர்த்து ஒரு கருவி செய்து கொடுத்தார். மீட்டர் வாங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 7-க்கும் 4-க்கும் தாங்கல் கரைசல் வைத்துச் சரிபார்க்காத மீட்டர் சொல்வதை நம்பாதீர்கள், முனையை வடிநீரில் ஊறப் போடாதீர்கள், பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வையுங்கள். வடிநீரில் கிடந்தே வீணாய்ப்போன முனைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, நம் மொழியில் இருக்கிற சிக்கல். காரம் என்று நாம் இரண்டு விஷயத்தைச் சொல்கிறோம். மிளகாய் காரம், சோடாவும் காரம். உங்கள் பட்டையில் மிளகாயைக் காரப் பக்கம் 10-இல் போட்டிருப்பது இதனால் வந்த வினை என்று நினைக்கிறேன். மிளகாயின் எரிச்சலுக்கும் பிஎச்சுக்கும் சம்பந்தமில்லை. அதில் இருக்கும் கேப்சைசின், சூட்டை உணரும் நரம்பு ஏற்பியைத் தூண்டிவிடுகிறது, அதனால் நாக்கு சுட்டுவிட்டதாக நினைக்கிறது. மிளகாயை அரைத்து அளந்தால் 7-க்குக் கீழேதான் வரும். சவர்க்காரம் என்ற சொல்லில் இருக்கும் காரம் நிஜமான காரம், சோப்பு நீர் 9, 10 காட்டும். வெங்காரமும் அப்படியே, அதன் கரைசல் 9.2 பக்கம் அசையாமல் நிற்பதால் மீட்டரைச் சரிபார்க்கவே அதைப் பயன்படுத்துவார்கள். ஆனால் நீங்கள் ஊதாப் பக்கம் போட்டிருக்கும் படிகாரம் பெயரில் மட்டும்தான் காரம். தண்ணீரில் கரைத்தால் அதன் அலுமினியம் நீரைப் பிரித்து அமிலத்தை வெளியே விடும், 3-க்கும் 4-க்கும் நடுவே இருக்கும். கலங்கிய நீரைத் தெளிய வைக்கப் படிகாரம் போட்டதும் நீரின் பிஎச் இறங்கும், இறங்கியதைத் தூக்கி நிறுத்தச் சுண்ணாம்பு சேர்ப்பார்கள், இரண்டு அளவையும் பக்கம் பக்கமாக எழுதி வைப்பதுதான் என் பாதி வேலை.

திருத்தம் போடுவீர்கள் என்று நம்புகிறேன். ஒரு படி என்றால் பத்து மடங்கு என்ற வரியைப் பட்டையின் அடியிலேயே அச்சடியுங்கள், இரண்டு முனைக்கும் எச்சரிக்கைக் குறி போடுங்கள், மிளகாயை எடுத்துவிடுங்கள், மழைநீரை 5.6-க்கு நகர்த்துங்கள். படிகாரத்தை ஊதாவிலிருந்து எடுத்துச் சிவப்புப் பக்கம் வையுங்கள்.

இப்படிக்கு,
தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த வாசகி